பீட்டாவுல இருக்குற ஏஐ போட்டோ சாஃப்ட்வேர்: சேலத்துல எங்க ஸ்டூடியோவுல நாலு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

செவ்வாப்பேட்டைல அப்பா காலத்துல இருந்து ஸ்டூடியோ வச்சிருக்கோம். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு, ஆனா எங்க கடைய தேடி வர்றவங்க முக்காவாசி பேரு பழைய போட்டோவ சரி பண்ணத்தான் வருவாங்க. அதுலயும் வீட்ல பெரியவங்க யாராச்சும் தவறிட்டா மொத நாளே ஓடி வருவாங்க, கையில நல்ல படம் ஒண்ணு கூட இருக்காது, ரேஷன் கார்டு இருக்கும், இல்ல வோட்டர் ஐடி இருக்கும், அதுவும் இல்லன்னா 1985ல நடந்த ஏதோ ஒரு கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோல மூணாவது வரிசைல நெல்லுமணி அளவுக்கு ஒரு மூஞ்சி, அத 12க்கு 18 இஞ்ச் ஆக்கி பிரேம் போட்டு சாயங்காலத்துக்குள்ள மாலை போட ரெடியா குடுக்கணும். இந்த வேலைய 20 வருசத்துக்கு மேல பண்றேன். ஏஐ சாஃப்ட்வேர் இந்த வேலைக்கு எவ்ளோ உதவும், எந்த எடத்துல கைய விட்ரும்னு தெரிஞ்சிக்கணும்னு தான் பீட்டா டெஸ்டிங்ல, அதாவது விக்கிறதுக்கு முந்தி ஓட்டிப் பாத்து கொறைய சொல்ற வேலைல, சேந்தேன்.

பேரு சொல்லல. டெஸ்ட் பண்றப்ப பேரையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் வெளிய போடக்கூடாதுன்னு சேரும்போதே ஒத்துக்கிட்டேன், ஆனா அனுபவத்த எழுதலாமான்னு மெயில் போட்டு கேட்டேன், தாராளமா எழுதுங்கன்னு பதில் வந்துச்சு. பெங்களூர்ல வேலைல இருக்குற என் தங்கச்சி மகன் தான் லிங்க் அனுப்புனான். இது கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேர், வேணும்னா அவங்க சர்வர்லயும் ஓட்டலாம். கடைல இருக்குறது 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம், அதுல ஒரு ஸ்கேன் ஒண்ணு ஒண்ணரை நிமிசத்துல முடியுது. வீட்ல இருக்குற 4 ஜிபி கார்டு லேப்டாப்ல பெரிய பைல போட்டா பாதில நின்னுடுது, எந்த எரரும் காட்டல, அப்படியே மூடிக்குது. மொத வாரமே இத எழுதி அனுப்புனேன், இப்ப வர்ற வெர்ஷன்ல "மெமரி பத்தல"ன்னாவது சொல்லுது.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நல்லது நெறைய இருக்கு.

1980கள்ல வந்த கலர் பிரிண்ட் நெறைய சில்க் பேப்பர்ல தான் இருக்கும், கைய வச்சு தடவுனா சொரசொரன்னு தேன்கூடு மாதிரி சின்ன சின்ன மேடு தெரியும். கையில புடிச்சு பாக்குறப்ப அழகா இருக்கும், ஸ்கேனர்ல போட்டா தான் கொடுமை, ஸ்கேனர் லைட்டு ஒரு பக்கமா அடிக்குறதால ஒவ்வொரு மேடும் பளபளன்னு மின்னி மூஞ்சி பூரா வலை போட்ட மாதிரி ஆயிடும். இதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்னா ஒருக்கா நேரா ஸ்கேன் பண்ணுவோம், அப்புறம் போட்டோவ தலைகீழா திருப்பி வச்சு இன்னொருக்கா ஸ்கேன் பண்ணி, ரெண்டாவத நிமித்தி ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பாதிக்கு பாதி கலப்போம், ஒரு பக்க மினுக்க இன்னொரு பக்க நிழல் அடிச்சுடும். ஒரு படத்துக்கு முக்கா மணி நேரம் ஆகும். இந்த சாஃப்ட்வேர் அத ஒரே ஒருக்கா ஓட்டி எடுத்துடுது, அதுவும் புடவை நெசவ தொடாம பேப்பர் மேட்ட மட்டும் எடுக்குது. நான் பத்து பதினஞ்சு படம் மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டேன், பட்டுக்கரைல இருக்குற கோடு அப்படியே நிக்குது. இத செஞ்சவங்க யாரா இருந்தாலும் கைய புடிச்சு நன்றி சொல்லணும்னு தோணுது.

அடுத்தது செவப்பு. அந்த காலத்து கலர் படமெல்லாம் ஆல்பத்துக்குள்ள மூடி வச்சிருந்தாலும் வருசம் போகப் போக செவந்து போறது ஏன்னா, பேப்பர்ல சயன்ங்கற நீலப்பச்சை, மெஜந்தாங்கற ஊதாச்செவப்பு, மஞ்சள்னு மூணு சாயம் இருக்கும், இருட்டுல வச்சாலும் அதுல சயன் தான் மொதல்ல வெளுக்கும், மிச்சம் இருக்குற ரெண்டும் சேந்து செவப்பா நிக்கும். அப்பா இத சரி பண்றப்ப வேட்டிய தான் பாப்பார். எல்லா குடும்ப போட்டோலயும் ஒரு வெள்ள வேட்டி இருக்குமில்ல, அந்த வேட்டி வெள்ளையா வந்துட்டா மத்ததெல்லாம் தானா எடத்துக்கு வந்துடும்பார். நான் இன்னைக்கும் அப்படித்தான் பண்றேன். சாஃப்ட்வேர் ஆட்டோல போட்டா நிழல் பக்கம் கொஞ்சம் பச்சை ஏறுது, ஆனா வேட்டி மேல கிளிக் பண்ணி "இது வெள்ளை"ன்னு காட்டிட்டா அருமையா வருது. கீறல், மடிப்பு, கரையான் அரிச்ச ஓட்டை, இதெல்லாம் சுவத்துலயோ புடவைலயோ இருந்தா நிமிசத்துல அடைச்சுடுது. போட்டோஷாப்ல கீறல அடைக்கிற ஹீலிங் பிரஷ் 2002ல 7வது வெர்ஷன்ல வந்தப்ப எனக்கு எவ்ளோ சந்தோசம் இருந்துச்சோ அதே அளவு இப்பவும் இருந்துச்சு.

ஏற்காட்டுல காலைல எடுக்குற படத்துக்கும் நல்லா உதவுது. கல்யாணம் முடிஞ்ச ஜோடிங்கள வெடிய காத்தால பகோடா பாயிண்டுக்கு கூட்டிட்டு போயி எடுப்போம், வெளிச்சம் பத்தாது, கேமரா வெளிச்சத்த வாங்குற அளவான ஐஎஸ்ஓவ 6400 வரைக்கும் ஏத்த வேண்டி வரும், கோட்டு சூட்டு எல்லாம் மணல் தெளிச்ச மாதிரி இருக்கும். இந்த மணல் மாதிரி புள்ளிய, அதாவது நாய்ஸ, எடுக்குற பகுதி இதுல ரொம்ப பக்குவமா இருக்கு, தோலு மெழுகு மாதிரி ஆகாம எடுக்குது. ஆனா கூடவே "தெளிவாக்கு"ன்னு ஒரு பட்டன் தானாவே ஆன்ல இருக்கு, அது பனிய அழுக்குன்னு நெனச்சுக்குது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நாங்க போறதே அந்த பனிக்காக தான், மாப்பிள்ளை பொண்ணு பின்னாடி சில்வர் ஓக் மரம் ஒண்ணு ஒண்ணா கரைஞ்சு போற மாதிரி இருக்கணும்னு காத்துக்கிட்டு நின்னு எடுக்குறோம், இது பனிய தொடச்சு எடுத்துட்டு, கேமராவுக்கே தெரியாத மரத்தையும் இலையையும் பின்னாடி புதுசா வரைஞ்சு குடுக்குது. மரத்த சுத்தி மிளகு கொடி ஏறியிருக்கும், அது இருந்த எடத்துல பாசி புடிச்ச மாதிரி ஏதோ ஒண்ணு. அந்த பட்டன ஆஃப்ல வச்சுத்தான் சாஃப்ட்வேர குடுக்கணும்னு கேட்டிருக்கேன்.

இதே மாதிரி இன்னொண்ணு. எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவரோட வீட்ல இருந்து ஒரு கருப்பு வெள்ளை படம் வந்துச்சு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காபி செடிக்கு நடுவுல நிக்கிறாங்க. மார்ச் ஏப்ரல்ல மொத மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாள்ல காபி செடி பூரா ஒரே நேரத்துல பூக்கும் பாருங்க, கெளை தெரியாம மல்லிகச்சரம் சுத்துன மாதிரி, அந்த நேரத்துல எடுத்த படம். தூசி நீக்குற டூல ஓட்டுனேன், ஓட்டி முடிச்சு பாத்தா படம் சுத்தமா இருக்கு, பூவும் இல்ல. அத்தனை பூவையும் தூசின்னு எடுத்து வெறும் எலையா ஆக்கிடுச்சு. அந்தம்மா அந்த படத்த 50 வருசமா வச்சிருந்ததே பூ பூத்த அன்னைக்கு எடுத்ததுன்னு தான். நான் பெருசு பண்ணி பாத்துட்டதால தப்பிச்சேன், ஆனா அவசரத்துல இருக்குற ஒருத்தர் பிரிண்ட் போட்டு குடுத்திருப்பாரு. பூ இருக்குற பக்கத்த டூல் தொடாதபடி முழுசா மாஸ்க் போட்டு மறைச்சு, மிச்ச எடத்துல மட்டும் தூசி எடுத்து குடுத்தேன்.

கொலுசு விசயமும் சொல்லணும், சேலத்துல இத சொல்லாம விட முடியாது. செவ்வாப்பேட்டை சுத்தி வெள்ளி பட்டறை எவ்ளோன்னு தெரியும், கேட்லாக் போட்டோ எங்களுக்கு மாசா மாசம் வர்ற வேலை. ஒரு பட்டறைக்காரர் செல்போன்ல எடுத்த படத்த அனுப்பி இத பெருசாக்கி குடுங்கன்னாரு, நாலு மடங்கு பெருசாக்கி போட்டேன், பாக்க ஜொலிஜொலின்னு இருந்துச்சு, அனுப்பிட்டேன். பத்து நிமிசத்துல போன் வந்துச்சு. "அண்ணா, என் டிசைன்ல ஒரு கண்ணிக்கு ரெண்டு முத்து தான், நீங்க அனுப்புனதுல சில எடத்துல மூணு இருக்கு, சில எடத்துல ரெண்டும் ஒட்டி ஒண்ணா இருக்கு, கடைசி வளையமே வேற மாதிரி இருக்கே"ன்னாரு. பக்கத்துல வச்சு பாத்தா அவரு சொன்னது அத்தனையும் உண்மை. கொலுசு வாங்குற யாவாரி படத்த பாத்து ஆர்டர் போடுறாரு, படத்துல மூணு முத்து இருந்து பார்சல்ல ரெண்டு வந்தா அந்த பட்டறைக்காரர் ஏமாத்துனதா ஆயிடும், ஒத்த முத்துல அவரு நாணயம் இருக்கு. அன்னைக்கே கேமராவ எடுத்துட்டு போயி சின்ன பொருள கிட்டக்க எடுக்குற மேக்ரோ லென்ஸ் போட்டு நேரா எடுத்து குடுத்துட்டேன். வெள்ளி நகை படத்துக்கு இந்த சாஃப்ட்வேர நாய்ஸ் எடுக்க மட்டும் தான் இப்ப தொடுறேன், பெருசாக்குறதுக்கு இல்ல.

எழுத்தும் அப்படித்தான். லீ பஜார்ல மண்டி வச்சிருந்த ஒரு தாத்தா கடை வாசல்ல நிக்கிற படம், தலைக்கு மேல போர்டு. ஒரிஜினல்ல மங்கலா இருந்தாலும் "மண்டி"ங்கறது நம்ம கண்ணுக்கு தெரியுது. பெருசாக்குனதுக்கு அப்புறம் எழுத்து கூர்மையா இருக்கு, ஆனா அது எந்த மொழியும் இல்ல, சுழி இருக்கு, கொம்பு இருக்கு, படிக்க முடியல. இங்கிலீஷ் எழுத்து இருந்த பக்கத்துல ஓரளவு சரியா பண்ணியிருந்துச்சு. தமிழ் எழுத்த அதுக்கு யாரும் போதுமான அளவு காட்டலைங்கறது பாத்த ஒடனே தெரியுது.

இப்ப மூஞ்சிக்கு வர்றேன். நான் இத எழுத உக்காந்ததே இதுக்காக தான்.

ரெண்டாவது மாசம், அம்மாபேட்டைல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, அவங்கம்மா தவறி மறுநாள். ஒரே ஒரு குரூப் போட்டோ, அதுல அம்மா மூஞ்சி 4 மில்லிமீட்டர் அகலம். 1200 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 1200 புள்ளின்னு, ஸ்கேன் பண்ணா கணக்குக்கு 190 பிக்சல் வரும், ஆனா பேப்பர்ல உண்மையா இருக்குற விவரம் அதுல கால்வாசி தேறுனா பெருசு. சாஃப்ட்வேர்ல மூஞ்சி சரி பண்ற டூல போட்டேன், ஒரு நிமிசத்துல ஒரு பெரியம்மா சிரிச்சிக்கிட்டு வந்துட்டாங்க, கண்ணுல ஒளி, ஒவ்வொரு முடியும் தனித்தனியா. அந்த அண்ணன் பாத்துட்டு கண்ணு கலங்கி ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லி வாங்கிட்டு போனாரு. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு.

மறுநாள் காலைல கடைய தொறக்குறப்ப ஒரு அம்மா படிக்கட்டுல உக்காந்திருக்காங்க, மடில அந்த பிரேமு, துணில சுத்தி. மூத்த பொண்ணாம், 60 வயசுக்கு மேல இருக்கும். கோவமே இல்ல. "படம் நல்லாத்தான் பண்ணியிருக்க சாமி, ஆனா எங்கம்மாவுக்கு எடது கண்ணு கொஞ்சம் சிறுசு, சின்ன வயசுல மாடு முட்டுனது, நீ ரெண்டையும் ஒண்ணா பண்ணி வச்சிருக்க. தம்பிக்கு தெரியாது, அவன் மெட்ராஸ்லயே இருந்தவன். நான் தான தெனமும் பாத்தேன். ராத்திரி பூரா அந்த படத்த பாத்து அழுகலாம்னு பாக்குறேன், அழுகையே வரமாட்டேங்குது"ன்னாங்க.

உள்ள கூட்டிட்டு போயி உக்கார வச்சு, ஒரிஜினல் போட்டோவ லூப்புங்கற பூதக்கண்ணாடி வச்சு பாத்தேன். சொன்னது இருந்துச்சுங்க. வலது கண்ணு ஒரு கருப்பு கோடு, எடது கண்ணு அதே கோடு தான், ஆனா பாதி நீளம், வெளி ஓரத்துல லேசா கீழ எறங்குது. மொத்தமே ரெண்டு மூணு பொட்டு வித்தியாசம். பேப்பர்ல 40 வருசமா அந்த கண்ணு பத்திரமா தான் இருந்துச்சு. சாஃப்ட்வேர் அத மங்கல்னு முடிவு பண்ணி, வலது கண்ணுக்கு ஜோடியா ஒரு கண்ண போட்டுடுச்சு. ஒரு ராத்திரி நானும் அத பாக்காம விட்டேன்.

இது ஏன் நடக்குதுன்னு அப்புறமா படிச்சு தெரிஞ்சிக்கிட்டேன். 2021ல வந்த ஜிஎஃப்பிகேன் மாதிரி மூஞ்சி சரி பண்ற மாடல் எப்படி வேலை செய்யுதுன்னா, ரெண்டு கண்ணு, மூக்கு நுனி, வாயோட ரெண்டு ஓரம்னு அஞ்சு புள்ளி வச்சு மூஞ்சிய நேரா நிமித்தி, 512க்கு 512 பிக்சல் கட்டத்துல வச்சு, தான் படிச்ச மூஞ்சிங்களோட ஞாபகத்துல இருந்து ஒரு மூஞ்சிய வரைஞ்சு, திரும்ப அதே எடத்துல ஒட்டும். அது படிக்கிற பாடபுத்தகம் பெரும்பாலும் எஃப்எஃப்எச்க்யூங்கற தொகுப்பு, ஃப்ளிக்கர்ல இருந்து எடுத்த 70,000 மூஞ்சி. அதுல நம்ம ஊரு பாட்டி எத்தன பேரு இருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க. 2020ல பல்ஸ்னு ஒரு ஆராய்ச்சி டூல்ல ஒபாமாவோட மங்கல் படத்த போட்டப்ப ஒரு வெள்ளக்கார ஆள் மூஞ்சி வந்து உலகம் பூரா பேசுனாங்களே, அதே சங்கதி தான் நம்ம வீட்டு படத்துலயும் சத்தமில்லாம நடக்குது.

அதுக்கப்புறம் நான் ஒரு மாசம் இத மட்டுமே பாத்தேன். நெத்தில மூணு பட்டை விபூதி போட்ட தாத்தா, விபூதிய கறைன்னு நெனச்சு தொடச்சுடுச்சு, சாமி கும்புடாம ஒரு நாளும் வெளிய வராத மனுசன் வெறும் நெத்தியோட நிக்கிறாரு. ஆர்த்தோன்னு ஒரு பழைய கருப்பு வெள்ளை பிலிம்ல செவப்பு நெறம் கருப்பா தான் விழும், அதனால குங்குமம் கருப்பு பொட்டா தெரியும், அத மச்சம்னு எடுத்துக்கிச்சா ஓட்டைன்னு எடுத்துக்கிச்சா, மூணு அம்மாவுக்கு பொட்டே இல்லாம ஆக்கிடுச்சு, சுமங்கலியா இருக்குறப்ப எடுத்த படம், அத அப்படியே வீட்ல மாட்டுனா பாக்குறவங்களுக்கு நெஞ்சு என்ன ஆகும். ரெண்டு பக்கமும் மூக்குத்தி குத்துன பாட்டிக்கு ஒரு பக்கம் காணோம். பெரியம்மை தழும்பு இருந்தவங்களுக்கு தோலு வழுவழுன்னு ஆயிடுச்சு. 1977ல பெரியம்மை நம்ம நாட்ட விட்டு போயிடுச்சுன்னு அறிவிச்சாங்க, அதுக்கு முந்தி அந்த நோயில பொழச்சு வந்தவங்க மொகத்துல அந்த தழும்பு தான் அடையாளம், வீட்ல இருக்குறவங்க தடவி தடவி வளந்த கன்னம் அது. ஏற்காடு மலைமேல ஒரு ஊர்ல இருந்து வந்த படத்துல பாட்டி கையில பச்சை குத்தியிருந்தாங்க, முழங்கை வரைக்கும் புள்ளி புள்ளியா கோலம், பேரன் "அண்ணா, பாட்டி கையில பச்சை எங்க"ன்னு கேட்டப்ப தான் நான் பாத்தேன், பூஞ்சைக்கறைன்னு மொத்தமா எடுத்திருக்கு.

நெறத்த பத்தியும் சொல்லணும். எந்த மூஞ்சிய போட்டாலும் ரெண்டு படி வெளுத்து தான் வெளிய வருது. செட்டிங்ல வெள்ளையாக்குன்னு எதுவும் இல்ல, நாம எதையும் தொடல, அதுவா வெளுக்குது. கருப்பா இருந்த மனுசன கருப்பா தான் காட்டணும், அது அவரோட நெறம், அதுல சரி பண்றதுக்கு எதுவும் இல்ல. நான் கலர் அளவு பாக்குற சாம்பல் அட்டை, கிரே கார்டு, ஒண்ணு பக்கத்துல வச்சு எங்க வீட்ல இருக்குற நாலு பேர எடுத்து, முன்ன பின்ன ரெண்டு படத்தையும் அளவோட அனுப்பி வச்சேன். இதுக்கு தான் அவங்ககிட்ட இருந்து ரொம்ப சீக்கிரம் பதில் வந்துச்சு, அடுத்த அப்டேட்ல பாதி கொறைஞ்சிருக்கு, முழுசா போகல.

கருப்பு வெள்ளைய கலராக்குற பகுதி பத்தி சுருக்கமா. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவுல லைட்மேனா இருந்த ஒரு பெரியவர் வீட்ல இருந்து ஒரு படம் வந்துச்சு. டி.ஆர்.சுந்தரம் 1935ல ஆரம்பிச்சு, 1956ல தமிழோட மொத முழுநீள கலர் படம் வந்த எடம், ஏற்காடு ரோட்டுல அதோட வாசல் வளைவு மட்டும் இன்னும் நிக்குது. படத்துல பத்து பேரு பெரிய லைட்டுக்கு பக்கத்துல நிக்கிறாங்க. கலராக்குனதும் எல்லாருக்கும் ஊதா கலந்த நீலச்சட்டை. அந்த பெரியவர் நல்லா ஞாபகமா சொன்னாரு, என் சட்டை காக்கி, பக்கத்துல நிக்கிறவன் செவப்பு, இவன் பச்சைன்னு. செவப்பும் பச்சையும் கருப்பு வெள்ளைல ஒரே சாம்பலா விழலாம், படத்துல இல்லாத கலர யாராலயும் கண்டுபுடிக்க முடியாது, இருந்தவங்கள கேக்கறது ஒண்ணு தான் வழி. அவர பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு ஆளா கேட்டு கேட்டு கலர் போட்டேன், சாஃப்ட்வேர்ல ஆளுக்கு ஆள் கலர் மாத்துற வசதி இருக்கு, அது சுலபமா இருக்கு, ஒரு மத்தியானம் ஆச்சு. அவரு ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நான் படத்துக்கு பின்னாடி பென்சில்ல எழுதி குடுத்தேன்.

இதெல்லாம் எழுதி அனுப்புனதுக்கு அவங்க காது குடுத்தாங்கங்கறத நேர்மையா சொல்லணும். மூணாவது மாசம் வந்த வெர்ஷன்ல மூஞ்சிக்கு ஒரு ஸ்லைடர் வந்துச்சு, ஒரு பக்கம் ஒரிஜினலுக்கு நெருக்கம், இன்னொரு பக்கம் அழகு. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காரங்க 2022ல வெளியிட்ட கோட்ஃபார்மர்ங்கற மூஞ்சி சரி பண்ற மாடல்ல இருக்குற அதே யோசனை. அந்த ஸ்லைடர் தானாவே 80ல நின்னுக்கிட்டு வருது, அழகு பக்கம் சாஞ்சு. நான் 20க்கு மேல போறதே இல்ல, குரூப் போட்டோவுக்கு 10. 10ல வச்சா படம் கொஞ்சம் மங்கலா தான் இருக்கும், ஆனா ஆள் அதே ஆள். ஒவ்வொரு மூஞ்சிக்கும் தனித்தனியா ஸ்லைடர் வச்சிருக்கறதும் நல்ல வேலை. எனக்கு இன்னும் ஒண்ணு வேணும்: எந்தெந்த எடம் படத்துல இருந்து வந்தது, எந்தெந்த எடம் அதுவா வரைஞ்சதுன்னு ஒரு பட்டன தட்டுனா கலர் போட்டு காட்டணும். அந்த கண்ணு மேல அன்னைக்கு செவப்பா ஒரு அடையாளம் காட்டியிருந்தா நான் கஸ்டமர்கிட்ட கேட்டிருப்பேன், அம்மா கண்ணு எப்படிங்க இருக்கும்னு. அந்த ஒரு கேள்வி போதும். இத மூணு தடவை எழுதிட்டேன், நாலாவது தடவையும் எழுதுவேன்.

இன்னொரு முக்கியமான கொறை, சர்வர்ல ஏத்துறது. சர்வர் மோடுல போட்டா வேகம் ஜாஸ்தி, ஆனா "உங்க படத்த எங்க பயிற்சிக்கு பயன்படுத்திக்கலாம்"ங்கற டிக்கு தானாவே போட்டிருக்கு. பொண்ணு பாக்க குடுத்த போட்டோ, வயசுப்புள்ளைங்க போட்டோ, எறந்தவங்க போட்டோ எல்லாம் எங்கள நம்பி குடுக்குறாங்க, அது எங்க பொருள் இல்ல தூக்கி குடுக்கறதுக்கு. 2023ல தனிநபர் தரவு பாதுகாப்புக்கு நாட்ல சட்டமே வந்துடுச்சு, சம்மதங்கறது கேட்டு வாங்கறது தான். இன்னும் மாத்தல. அதனால கடைல சர்வர் மோட தொடவே மாட்டேன், பையனுக்கும் சொல்லி வச்சிருக்கேன். மத்த ஸ்டூடியோக்காரங்களும் மொதல்ல செட்டிங்ல போயி அந்த டிக்க எடுத்துட்டு அப்புறம் வேலைய ஆரம்பிங்க.

சின்ன சின்னது: சேவ் பண்றப்ப எந்த கலர் எப்படி வரணும்னு சொல்ற அடோப் ஆர்ஜிபி ப்ரொபைல கழட்டி விட்டுடுது, லேப்ல பிரிண்ட் போட்டா கலர் செத்து வருது, தரம் கொறையாத டிஃப் பைலா சேவ் பண்ணி ப்ரொபைல கையால திரும்ப போட வேண்டியிருக்கு. சுருக்கி சேவ் பண்ண ஜேபெக் பைல திரும்ப திரும்ப ஓட்டாதீங்க, 8க்கு 8 கட்டம் கட்டமா இருக்குற அந்த பிசிறையும் தோலுன்னு நெனச்சு மெருகேத்துது. வாட்ஸாப்ல வந்த படத்த வச்சு வேலை பண்ணாதீங்க, ஒரிஜினல் பிரிண்ட கொண்டு வரச்சொல்லி நீங்களே ஸ்கேன் பண்ணுங்க. பீட்டா வரைக்கும் இலவசம், அப்புறம் மாசச் சந்தாவாம், டாலர்ல. ஒரே தடவை காசு கட்டி வாங்குற மாதிரி வச்சா எங்கள மாதிரி சின்ன ஸ்டூடியோவுக்கு தோதா இருக்கும்னு அதையும் எழுதியிருக்கேன்.

வாங்கலாமான்னு கேட்டா, பேப்பர் மேடு, செவப்பு, கீறல், நாய்ஸ் இந்த நாலுக்கும் கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம், அந்த வேலைல என்னோட பாதி நாள மிச்சம் பண்ணி குடுத்துடுச்சு. மூஞ்சிக்கு இன்னும் இல்ல. மூஞ்சிய தொடுறதா இருந்தா அந்த ஆள பாத்து பழகுன ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கணும்.

அந்த அம்மாவோட படத்த அன்னைக்கே திரும்ப பண்ணேன். மூஞ்சி டூல முழுசா ஆஃப் பண்ணிட்டு, பேப்பர் மேட்டையும் செவப்பையும் மட்டும் சாஃப்ட்வேர்ல எடுத்து, கண்ண நானே டேப்லெட் பேனா வச்சு, அந்தம்மா பக்கத்துல உக்காந்து "இன்னும் கொஞ்சம் கீழ சாமி, ஓரத்துல சுருக்கம் வரும்"னு சொல்லச் சொல்ல போட்டேன். 12க்கு 18 போடல, அந்த விவரத்துக்கு 8க்கு 12 தான் தாங்கும்னு சொன்னேன், சரின்னுட்டாங்க. பிரிண்ட் வெளிய வந்ததும் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு முந்தானைய எடுத்து மொகத்துல வச்சிக்கிட்டாங்க. பழைய பிரேமுக்கும் இதுக்கும் சேத்து காசு வேணாம்னுட்டேன், கேக்காம 200 ரூபா மேசை மேல வச்சுட்டு போனாங்க.

நேத்து ராத்திரி 24வது ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். விபூதி போட்ட நெத்தி ஆறு படம், ரெண்டு மூக்குத்தி நாலு, பச்சை குத்துன கை மூணு, எல்லாம் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு சம்மதம் வாங்குனது, ஒவ்வொண்ணுக்கும் கீழ இது கறை இல்ல, இது என்னன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதியிருக்கேன். அடுத்த வெர்ஷன் வந்ததும் அதே 13 படத்த திரும்ப ஓட்டிப் பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.